காற்றை அடைத்துச் சுட்ட துப்பாக்கிகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: காற்றுத் துப்பாக்கியை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொல்கிறார்களே?

பதில்: எதை முதல் காற்றுத் துப்பாக்கி என்று ஏற்றுக்கொள்வது என்பதைப் பொறுத்து விடை மாறுவதால்தான் இத்தனை பெயர்கள் உலவுகின்றன. அழுத்தப்பட்ட காற்று விரியும்போது ஒரு பொருளை எறிய வல்லது என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ், வெண்கல உருளைகளுக்குள் காற்றை அழுத்தி, அந்த விசையால் கல்லெறியும் பொறி ஒன்றை அமைத்தார் என்பது அவருக்குப் பின்வந்த பைசாந்தியத்து ஃபிலோவின் எழுத்திலிருந்து தெரிகிறது. ஆனால் அது கவண் வகையைச் சேர்ந்த பொறியே தவிர, குழலும் குண்டும் கொண்ட துப்பாக்கி அன்று.

துப்பாக்கி என்று சொல்லத்தக்க வடிவம் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் வருகிறது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூரம்பர்க் நகரக் கைவினைஞர் ஹான்ஸ் லோப்சிங்கர் இதைச் செய்தார் என்று மரபாகச் சொல்லி வருகிறார்கள். நான் இதைச் செவிவழிச் செய்தியாகவே எடுத்துக்கொள்வேன். பொருளாகக் கையில் எஞ்சியிருப்பதை வைத்துப் பேசினால், ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள ஸ்வீடன் அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கும், சுமார் 1580ஆம் ஆண்டைச் சேர்ந்த துருத்தித் துப்பாக்கியையே மிகப் பழையதாகக் குறிப்பிடுவது வழக்கம். எழுத்துச் சான்றை வைத்துப் பேசினால், பிரான்சின் லிசியே நகரத்து மாரன் பூர்ஷுவாவின் பெயர் முன்னுக்கு வரும். அவர் மன்னர் நான்காம் ஹென்றிக்காகச் செய்த காற்றுத் துப்பாக்கியைப் பீரங்கிக் கலை பற்றித் தாம் எழுதிய நூலின் 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் டேவிட் ரிவோ விவரித்திருக்கிறார். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கி விசையமைப்பை உருவாக்கியவராகவும் அதே பூர்ஷுவாவையே பலர் கருதுகிறார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. காற்றுத் துப்பாக்கி வெடிமருந்தை வெறுத்த யாரோ ஒரு தனிப்பிறவியின் கற்பனை அன்று. வெடிமருந்துத் துப்பாக்கியின் நுட்பத்தை நன்கு அறிந்த அதே பட்டறைகளில்தான் அதுவும் பிறந்தது.

கேள்வி: துருத்தித் துப்பாக்கி என்கிறீர்கள். கொல்லன் உலைத் துருத்தியா அது?

பதில்: அடிப்படை அதுதான், அளவும் வேகமும்தான் வேறு. துப்பாக்கியின் அடிக்கட்டையைக் குடைந்து, அதனுள் தோலால் ஆன ஒரு சிறு துருத்தியை வைத்திருப்பார்கள். வலுவான எஃகு வில் (ஸ்பிரிங்) அந்தத் துருத்தியை மூட முயன்றுகொண்டே இருக்கும். ஒரு திருகுகோலைக் கட்டைக்குள் செருகிச் சுற்றினால் வில் இறுகித் துருத்தி திறந்து காற்றை உள்வாங்கும். சுடும் விசையை (டிரிக்கரை) இழுத்தவுடன் வில் விடுபட்டுத் துருத்தியை ஒரே அடியில் அமுக்க, அந்தக் காற்று குழலில் உள்ள சிற்றம்பைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இதில் காற்று முன்கூட்டிச் சேமிக்கப்படுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு சுடலுக்குத் தேவையான காற்று அந்தக் கணத்திலேயே பிறந்து அந்தக் கணத்திலேயே செலவாகிறது. அதனால் வலு குறைவு. ஆனால் கசிவுத் தொல்லை இல்லை, ஒவ்வொரு சுடலும் ஒரே அளவினதாக இருக்கும்.

வலு குறைந்தது என்பதே அதன் பயனைத் தீர்மானித்தது. பின்புறம் மயிர்க்குஞ்சம் கட்டிய இரும்புச் சிற்றம்புகளை வைத்து வீட்டுக் கூடத்துக்குள்ளேயே இலக்கு நோக்கிச் சுடும் பொழுதுபோக்குக்கு இது மிகவும் ஏற்றதாக இருந்தது. புகையோ நாற்றமோ இல்லை. சுவரும் திரைச்சீலையும் கெடுவதில்லை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இவ்வகை 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்து செய்யப்பட்டது.

கேள்வி: அக்கால அறிவியலாளர்கள் காற்றுத் துப்பாக்கியைப் பொருட்படுத்தினார்களா?

பதில்: பொருட்படுத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் காற்றுக்கு எடை உண்டா, அதை எவ்வளவு அமுக்கலாம் என்பவை திறந்த கேள்விகளாக இருந்தன. அமுக்கிய காற்றைக் கசியாமல் பிடித்து வைக்கும் கலமும் வால்வும் ஆய்வாளருக்கும் துப்பாக்கி செய்பவருக்கும் பொதுவான தேவையாக இருந்தன. 1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ, வால்வு பொருத்திய ஒரு குடுவைக்குள் பீச்சாங்குழலால் காற்றை மிகுதியாகச் செலுத்தித் தராசில் வைத்து, கூடிய எடையைக் காணும் வழியைச் சொல்கிறார். காற்றுக்கலம் உள்ள துப்பாக்கியில் நடப்பதும் இதுவே; குழல் ஒன்றுதான் கூடுதல்.

மாக்டபர்க் நகரத்து ஓட்டோ ஃபொன் கெரிக்க இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார். அவர் அமைத்த துப்பாக்கியில் குழலுக்குள் இருந்த காற்றைப் பம்பால் வெளியேற்றிவிட்டு, குண்டின் பின்புறத்தைத் திடீரென்று வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுவார். வளிமண்டலத்தின் அழுத்தமே குண்டை உந்தித் தள்ளும். இதன் விளக்கம் 1672இல் வெளியான அவருடைய நூலில் உள்ளது. செயல்படும் ஆயுதமாக இதற்குப் பெரிய மதிப்பில்லை. வளிமண்டலம் தரும் ஒரு மடங்கு அழுத்தத்துக்கு மேல் இதில் பெற வழியே இல்லை. அமுக்கி அடைக்கும் முறையிலோ கலம் தாங்கும்வரை ஏற்றிக்கொண்டே போகலாம்.

கேள்வி: ஒரு நாட்டின் படையே காற்றுத் துப்பாக்கியை வைத்துப் போரிட்டது என்று படித்தேன். நம்பும்படியாக இல்லை. உண்மைதானா?

பதில்: உண்மைதான். ஆஸ்திரியப் படை 1780ஆம் ஆண்டு வாக்கில் ஏற்றுக்கொண்ட அந்தத் துப்பாக்கியை உருவாக்கியவர் பார்த்தலோமேயுஸ் ஜிரார்டோனி. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள கோர்ட்டினா தம்பெட்சோ என்னும் ஊரில் பிறந்தவர். எழுத்துப் பிழையால் ஜிராண்டோனி என்ற பெயரும் புத்தகங்களில் நிலைத்துவிட்டது, இரண்டும் ஒருவரே.

இந்தத் துப்பாக்கியில் அடிக்கட்டையே காற்றுக்கலம். இரும்புத் தகட்டைக் கூம்பு போல வளைத்து, விளிம்புகளைத் தறைந்து பற்றவைத்து, மேலே தோல் போர்த்தியிருப்பார்கள். தோளில் அணைக்கும் பகுதியும் அதுவே. அதைத் திருகிக் கழற்றலாம் என்பதால், ஒன்று தீர்ந்ததும் நிரப்பி வைத்த மற்றொன்றைத் திருகிக்கொள்ள முடியும். வீரனுக்குப் பொதுவாக மூன்று கலங்கள் தரப்பட்டன. குழலின் பக்கவாட்டில் ஒட்டியபடி ஒரு நீண்ட குழாய். அதில் அரை அங்குலத்துக்குச் சற்றே குறைந்த விட்டமுள்ள ஈயக் குண்டுகள் இருபதோ இருபத்திரண்டோ வரிசையாக நிற்கும். துப்பாக்கியின் வாயை மேல்நோக்கிச் சாய்த்தால் குண்டுகள் தம் எடையாலேயே கீழிறங்கும். குறுக்கே அமைந்த ஒரு சிறு உலோகத் துண்டைக் கட்டைவிரலால் தள்ளினால் அதில் உள்ள துளை ஒரு குண்டை ஏந்திக்கொள்ளும். விரலை எடுத்ததும் ஒரு வில் அதைத் திரும்பத் தள்ளிக் குழலுக்கு நேரே நிறுத்திவிடும். பிறகு சுத்தியலைப் பின்னிழுத்து விசையை அழுத்த வேண்டியதுதான். சுத்தியல் ஒரு கம்பியைத் தட்ட, கம்பி வால்வைக் கணநேரம் திறந்து, ஓர் அளவு காற்றை மட்டும் விடுவித்து மூடிக்கொள்ளும்.

இதன் பொருளை உணர அந்தக் காலத்துச் சாதாரணப் படைத்துப்பாக்கியை நினைத்துப் பார்க்க வேண்டும். வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துச் சுடும் அந்த முறையில் பயிற்சி பெற்ற வீரனும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் சுட முடியாது. அதற்கும் அவன் எழுந்து நிற்க வேண்டும். சுட்டபின் எழும் புகை அவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கழி. ஜிரார்டோனியின் துப்பாக்கியை வைத்திருந்தவனோ படுத்தபடியே, புகையில்லாமல், மழையிலும், ஒரு நிமிடத்துக்குள் இருபது குண்டுகளையும் சுட்டுவிடலாம்.

இவ்வளவு இருந்தும் அது நிலைக்காததற்குக் காரணம் அந்தக் கலமும் வால்வும்தான். ஒரு கலத்தை முழுமையாக நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டியிருந்தது. கலத்துக்குள் இருந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 800 பவுண்டு என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைய காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றைப் போல இருபது மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தைத் தாங்கும் தகட்டுக் கலங்களைக் கையால் பற்றவைத்துச் செய்யும்போது எத்தனை கலங்கள் கசிந்தன, எத்தனை வெடித்தன என்பதை எந்தப் பட்டறைக்காரரும் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்க மாட்டார். தோல் வளையங்கள் உலர்ந்தால் காற்று நிற்காது. ஒவ்வொரு சுடலுக்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வருவதால் முதற்குண்டு செல்லும் தூரத்தைக் கடைசிக் குண்டு எட்டாது. சுடுபவன் தன் குறியை அதற்கேற்ப உயர்த்திக்கொண்டே போக வேண்டும். பழுது பார்ப்பதற்குச் சாதாரணக் கொல்லன் போதாது, தனித்தேர்ச்சி பெற்ற கைவினைஞர் வேண்டும். 1788இல் தொடங்கிய துருக்கியப் போரில் அது களத்துக்குப் போனது. பிறகு பிரான்சுடனான போர்களின் நெருக்கடியில், நூறு பேரை எளிதில் பழக்கத்தக்க மலிவான துப்பாக்கியே படைக்குத் தேவைப்பட்டது. 1815 வாக்கில் காற்றுத் துப்பாக்கி ஆஸ்திரியப் படையிலிருந்து முழுவதும் விலகிவிட்டது. கருத்து தோற்றதாக நான் நினைக்கவில்லை. அக்கால உலோகத் தொழில் அந்தக் கருத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

கேள்வி: காற்றுத் துப்பாக்கியோடு பிடிபட்ட ஆஸ்திரிய வீரர்களை உடனே கொன்றுவிடும்படி நெப்போலியன் ஆணையிட்டாராமே?

பதில்: பல புத்தகங்களில் இந்தச் செய்தி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெயர்த்து எழுதப்பட்டு வருகிறது. ஆனால் ஆணையின் வாசகத்தையோ நாளையோ காட்டி எழுதியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. புகையும் பேரொலியும் இல்லாமல் வந்து தாக்கும் குண்டு எதிர்ப்படையினரிடையே வெறுப்பையும் அச்சத்தையும் விளைத்திருக்கும் என்பது இயல்பு. அந்த அச்சத்திலிருந்து இக்கதை வளர்ந்திருக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவின் லூயிஸ் - கிளார்க் பயணத்தில் காற்றுத் துப்பாக்கிக்கு என்ன வேலை? வேட்டைக்கா?

பதில்: வேட்டையைவிட வியப்பூட்டுவதற்கே அது மிகுதியாகப் பயன்பட்டது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய 1803 முதல் 1806 வரை நடந்த அந்தப் பயணத்தின் தலைவர் மெரிவெதர் லூயிஸ், தம் நாட்குறிப்பில் காற்றுத் துப்பாக்கியைப் பலமுறை குறிப்பிடுகிறார். தொடக்கமே ஒரு விபத்து. 1803 ஆகஸ்ட் 30 அன்று பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டுச் சிறிது தொலைவில் உள்ள தீவில் படகை நிறுத்தி, அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் 55 கெஜத் தொலைவில் ஏழுமுறை சுட்டுக் காட்டினார். பிறகு பழக்கமில்லாத ஒருவர் கையில் எடுத்தபோது துப்பாக்கி தானாகச் சுட்டுவிட, 40 கெஜத்துக்கு அப்பால் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் குண்டு கிழித்துச் சென்றது. அவர் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் பதறினார்கள். ஆனால் ஒரு நிமிடத்தில் நினைவு திரும்பியது, காயமும் ஆழமானதாக இல்லை.

அதன்பின் வழிநெடுக, பழங்குடி மக்களின் தலைவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் லூயிஸ் இதைச் சுட்டுக் காட்டினார். தீயோ புகையோ இல்லாமல் அடுத்தடுத்துக் குண்டுகள் பாய்வதைக் கண்டவர்கள், இந்தச் சிறு குழுவிடம் இப்படி இன்னும் எத்தனை உள்ளனவோ என்று எண்ணியிருப்பார்கள். இருந்தது ஒன்றே ஒன்றுதான்; அதுவும் 1805 ஜூனில் முதன்மை வில்லை மாற்றிப் பழுது பார்க்க வேண்டிய நிலைக்கு வந்தது.

அது எந்தத் துப்பாக்கி என்பதில் நீண்டகாலம் கருத்து வேறுபாடு இருந்தது. பிலடெல்பியாவின் ஐசையா லூக்கன்ஸ் செய்த, ஒருமுறைக்கு ஒரு குண்டு மட்டும் இடும் துப்பாக்கி என்று ஒரு சாரார் கூறிவந்தார்கள். 1803 செப்டம்பரில் லூயிஸைச் சந்தித்த தாமஸ் ராட்னி என்பவரின் நாட்குறிப்பில், ஒருமுறை நிரப்பி 22 குண்டுகள் சுடும் அமைப்பு விவரிக்கப்பட்டிருப்பது தெரியவந்தபின் ஜிரார்டோனி வகை என்ற கருத்தே வலுப்பெற்றது. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: கைத்தடிக்குள் காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்பதைப் படத்தில் பார்த்தேன். எப்படி வேலை செய்யும்? யார் வாங்கினார்கள்?

பதில்: ஏர் கேன் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் காற்றுக் கைத்தடி, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் படைப்பு. பர்மிங்காம் பட்டறைகளில் மிகுதியாகச் செய்யப்பட்டு, லண்டன் கடைகளின் பெயரோடும், பல சமயம் எந்தப் பெயரும் இல்லாமலும் விற்கப்பட்டது. பழம்பொருள் ஏலங்களில் இன்று நாம் காணும் காற்று ஆயுதங்களில் கணிசமானவை இவையே.

வெளித்தோற்றத்தில் கறுப்பு வண்ணம் பூசிய தடியான கைத்தடி. சிலவற்றில் உலோகத்தின் மேலேயே மரக்கணுக்கள் போன்ற மேடுகளை உண்டாக்கி மெருகு பூசியிருப்பார்கள். தொட்டுப் பார்த்தாலன்றி மரமில்லை என்பது தெரியாது. நடுவில் திருகினால் அது இரண்டாகப் பிரியும். கைப்பிடி உள்ள மேற்பாதி முழுவதும் காற்றுக்கலம். அதன் முன்முனையில் வால்வும் சுடும் அமைப்பும் இருக்கும். கீழ்ப்பாதி குழல். உயர்ந்த விலைத் தடிகளில் ஒரு குழலுக்குள் இன்னொரு குழலைச் செருகியிருப்பார்கள். உட்சுவரில் திருகுபோல் பள்ளம் வெட்டிப் புரியிட்ட உள்குழலில் சிறு குண்டைத் துல்லியமாகச் சுடலாம், அதை உருவிவிட்டால் வெளிக்குழலில் பெரிய குண்டோ சிதறுமணிகளோ இடலாம்.

சுடுவதற்குமுன் ஒரு சிறு சாவியைப் பக்கத்துளையில் செருகித் திருப்பினால் உள்ளே உள்ள வில் இறுகும். அப்போதுதான், அதுவரை தடியின் பரப்போடு ஒன்றியிருந்த பொத்தான் போன்ற விசை மெல்ல வெளியே எழும். சாவியில்லாதவனுக்கு அது கைத்தடி மட்டுமே. நேரான தடியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக் குறிபார்ப்பது அவ்வளவு வசதியில்லை என்பதால், மேற்பாதி வளைந்து தோளில் பொருந்தும்படி அமைந்த வகையும் உண்டு. அது குறிபார்க்க நல்லது. ஆனால் வளைந்த தடியை எடுத்துக்கொண்டு உலாவப் போவதைப் பார்ப்பவர்கள் இரண்டாவது முறை திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

நிரப்பும் முறையில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. பம்பின் அடியில் குறுக்குக் கம்பி ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளையும் கால்களால் மிதித்துக்கொண்டு, பம்பின் மேல்முனையில் கலத்தைத் திருகிப் பொருத்தி, கலத்தையே பற்றி மேலும் கீழும் இயக்க வேண்டும். கையின் வலுவோடு உடலின் எடையும் சேர்ந்து அமுக்கும். அப்படியும் சில நூறு அடிகள் வேண்டும்; கடைசி அடிகளில் பம்பு கை பொறுக்காத அளவுக்குச் சூடேறும். காற்றை அமுக்கும்போது வெப்பம் எழுவதும், குளிர்ந்தபின் கலத்தின் அழுத்தம் சற்று இறங்குவதும் இயற்கை என்பதால், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு நிரப்புவது வழக்கம். வால்வின் முகப்பு பெரும்பாலும் கொம்பால் கடைந்ததாக இருக்கும். உலோகம்போல் கடினமாகவும் இல்லாமல், தோல்போல் நைந்தும் போகாமல், அமர்ந்த இடத்தில் இறுகப் படிந்து காற்றை நிறுத்துவதற்குக் கொம்பு ஏற்ற பொருள் என்பதை அந்தக் கைவினைஞர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். நன்கு செய்த கலம் நாட்கணக்கில் காற்றைக் காக்கும்.

வாங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். நாட்டுப்புறத்தில் உலாவும்போது முயலோ காக்கையோ சுடுவதற்கும், பறவைகளைப் பாடம்செய்து சேகரிக்கும் இயற்கை ஆர்வலர்கள் அதிக ஒலியில்லாமல் சிறு பறவைகளை வீழ்த்துவதற்கும் பயன்பட்டது. பிறர் நிலத்தில் திருட்டு வேட்டையாடுபவர்களின் கருவி என்ற கெட்ட பெயரும் இதற்கு உண்டு. தோலுறை போட்ட பெட்டியும் பம்பும் குண்டு வார்க்கும் அச்சும் சேர்ந்த ஒரு முழுத் தொகுதியை வாங்கும் வசதி அத்தகையவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று யோசிக்கும்போது, அந்தப் பெயர் பாதிக்குமேல் நில உடைமையாளர்களின் சந்தேகத்தால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: மன்னர்களைக் கொல்ல இதைப் பயன்படுத்தினார்களா?

பதில்: பயன்படுத்தினார்கள் என்பதைவிட, பயன்படுத்துவார்கள் என்று அரசுகள் அஞ்சின என்பதே சரி. 1794இல் லண்டனில் சிலர் கைதானார்கள். பித்தளைக் குழாயால் காற்றுத் துப்பாக்கி ஒன்றைச் செய்து, நஞ்சு தோய்த்த சிற்றம்பால் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நாடக அரங்கில் கொல்லத் திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தகவல் சொன்னவர் தாமஸ் அப்டன் என்ற கடிகாரத் தொழிலாளி. ராபர்ட் கிராஸ்ஃபீல்டு என்ற மருத்துவர் 1796இல் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்; மற்றவர்களும் வெளியே வந்தார்கள். இதற்கிடையே 1795 அக்டோபர் 29 அன்று நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்கச் சென்ற மன்னரின் வண்டிக் கண்ணாடியில் சிறு துளை விழுந்தது. வெடியோசை யாருக்கும் கேட்காததால் காற்றுத் துப்பாக்கியின் வேலையே என்று பலர் முடிவுகட்டினார்கள். கூட்டத்தில் யாரோ எறிந்த கூழாங்கல்லாக இருக்கவும் எல்லா வாய்ப்பும் உண்டு.

கேள்வி: உண்மையிலேயே ஒலியே வராதா?

பதில்: வரும். அழுத்தக் காற்று குழலின் வாயிலிருந்து விடுபடும்போது கைதட்டல் போன்ற ஒலி எழும். கலம் நிறைந்திருக்கும்போது அது இன்னும் உரக்கக் கேட்கும். வெடிமருந்தின் ஒலியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அவ்வளவுதான். கூடத்துக்குள் சுட்டால் பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாமல் போகாது.

கேள்வி: இவ்வளவு வலிமையாக இருந்த ஆயுதம் சிறுவர் விளையாட்டுப் பொருளாக எப்போது மாறியது?

பதில்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். உலோக உறையிட்ட சிறு தோட்டா 1850களுக்குப்பின் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், நூற்றுக்கணக்கில் பம்படிக்கும் உழைப்புக்குப் பொருளில்லாமல் போயிற்று. மறுபுறம், சுருள்வில்லால் உந்தப்படும் தண்டு ஒரு சுடலுக்கான காற்றை அமுக்கும் எளிய துப்பாக்கிகளை அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெருமளவில் வார்த்தெடுக்கத் தொடங்கின. மிச்சிகன் மாநிலத்தில் காற்றாலை செய்துவந்த ஒரு நிறுவனம் 1888இல் வெளியிட்ட டெய்சி துப்பாக்கி அவற்றில் மிகவும் பெயர் பெற்றது. துருத்தித் துப்பாக்கியின் கொள்கையே இரும்பு உருளைக்குள் புகுந்து மலிவு விலையில் திரும்பி வந்தது என்று சொன்னால் பிழையில்லை. காற்றைச் சேமிக்கும் கலம்தான் நீண்டகாலத்துக்கு மறைந்துபோனது.

கேள்வி: குடும்பச் சொத்தாக ஒரு பழைய காற்றுக் கைத்தடி என்னிடம் வந்திருக்கிறது. பம்பும் இருக்கிறது. ஒருமுறை நிரப்பிச் சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட கலத்தின் உட்புறம் ஈரத்தால் எந்த அளவுக்கு அரித்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பம்படிக்கும்போது காற்றோடு நீராவியும் உள்ளே போய்ப் படிவதால், வெளியே மெருகு குலையாத தடியும் உள்ளே துருவேறியிருக்கலாம். அது வெடித்தால், சுடும் நிலையில் உங்கள் கன்னத்தை ஒட்டியே இருக்கும். மேலும், முன்பு வைத்திருந்தவர் நிரப்பியபடியே விட்டுச் சென்றிருக்கவும் கூடும் என்பதால், வால்வைக் கழற்றும் வேலையை நீங்களாகச் செய்யாமல், இத்தகைய பொருள்களில் பழகிய பழுதுநீக்குநரிடம் விடுங்கள். குழலில் குண்டு இருக்கிறதா என்பதை ஒரு மெல்லிய குச்சியை உள்ளே விட்டு, அது செல்லும் நீளத்தைக் குழலின் நீளத்தோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்போதும் குழலின் வாய் யாரையும் நோக்கி இருக்க வேண்டாம். உங்கள் நாட்டுச் சட்டம் மறைத்து எடுத்துச் செல்லும் ஆயுதத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பழம்பொருளுக்குச் சில நாடுகளில் விலக்கு உண்டு, சிலவற்றில் இல்லை.

மதிப்பைப் பொறுத்தவரை, மூல வண்ணப்பூச்சைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டால் விலை பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியும் பம்பும் குண்டு அச்சும் ஒரே பெட்டியில் இருந்தால் எதையும் தனித்தனியே கொடுத்துவிடாதீர்கள். திருகுப் புரிகள் பட்டறைக்குப் பட்டறை மாறும் என்பதால் ஒரு தடியின் பம்பு இன்னொன்றுக்குப் பொருந்துவது அரிது.